முதல் வரிசை பேச்சுக்கு

திருவண்ணாமலையில் வரிசை என்ற ஒன்றை மனதார நம்பிய ஒரே மனிதர் வரிசை பாய்தான். தன் கல்யாணத்திலேயே பிரியாணிக்கு வரிசையில் நின்றவர் என்பார்கள். பழகிப் பார்த்த நான் அதை அப்படியே நம்புகிறேன்.

ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் சாலையை ஒட்டி அவர் விடுதி. கீழே அவர் குடும்பம், மேலே எட்டு அறைகள். வைஃபை என்ற சொல்லே ஊருக்குப் புதிதாக இருந்த காலம் அது. வந்ததோ நூல் மாதிரி ஒரு லைன். அதை எட்டு அறைக்கும் பங்குவைக்க, பாய் வைஃபை பெட்டிக்குள் நான்கு வரிசை போட்டிருந்தார். முதலில் பேச்சு, அடுத்து வீடியோ, மூன்றாவது மெயில், கடைசியில் டவுன்லோடு. மேஜைக்குப் பின்னால் ஓட்டல் பலகை போல எழுதியும் மாட்டிவிட்டார். பௌர்ணமிக் கூட்டத்தில் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுகிறோமே, அதே கதைதான் என்பது அவர் விளக்கம்.

தியானம் சொல்லித்தரும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், வகுப்பு நடக்கும்போது வீடியோ உறைந்துபோகிறது, தன்னை முதல் வரிசையில் போடுங்கள் என்று வந்து நின்றார். அசையாமல் உட்காரத்தானே சொல்லித்தருகிறீர்கள், படம் அசையாவிட்டால் என்ன என்று பாய் உண்மையான சந்தேகத்தோடு கேட்டார். வந்தவர் யோசித்துக்கொண்டே மாடியேறிப் போனார்.

நான் படித்துவிட்டு, அங்கே ஓர் அறையில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தவன். நான்காம் வரிசையின் நிரந்தர உறுப்பினன். வெள்ளிக்கிழமை இறக்க ஆரம்பித்த சினிமா புதன்கிழமைதான் இடைவேளைக்கு வரும். பொறுக்க முடியாமல், கம்ப்யூட்டர் தெரிந்த நண்பனைப் பிடித்து, என் டவுன்லோடு பாயின் பெட்டிக்குப் பேச்சு மாதிரி தெரியும்படி செய்துகொண்டேன். இரண்டு மணி நேரம் ராஜபோகம். பிறகு கதவு தட்டப்பட்டது.

"ரெண்டு மணி நேரமா யாரோ உங்ககிட்ட பேசினே இருக்காங்க தம்பி. நீங்க ஒரு 'உம்'கூட கொட்டலியே."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு மானம் போயிற்று.

அடுத்த பௌர்ணமியன்று மாலை நான்கு மணிக்கு, பெங்களூர் கம்பெனி ஒன்று இன்டர்நெட் வழியாகவே என்னைப் பேட்டி காண்பதாக இருந்தது. ஏற்கெனவே மூன்று பேட்டிகளில் கோட்டை விட்டவன் நான். இதுவும் போனால் கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் உரக்கடையில் உட்கார வேண்டியதுதான். விடுதியிலோ எல்லா அறையும் நிரம்பி, ஆளுக்கொரு லேப்டாப். நான் செய்த தில்லுமுல்லுக்குப் பிறகு பாய் என்னை நம்புவாரா என்று தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன்.

"பேச்சுதானே? பேச்சுக்கு முதல் வரிசை. போய் தைரியமா பேசுங்க" என்றார்.

நாற்பது நிமிடம். ஒரு சொல்கூட அறுபடவில்லை. இந்த முறை உளறவும் இல்லை. முடித்துவிட்டுத் துள்ளிக்கொண்டு கீழே வந்தால், பாயின் மனைவி அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பச்சைக் குழந்தையின் பாதி முகம் உறைந்துபோய் நின்றது. ஷார்ஜாவில் மகளுக்குப் பிறந்த முதல் பேத்தி. அன்று நான்கு மணிக்குத்தான் முதன்முதலாகக் காட்டுவதாக இருந்ததாம். விடுதியில் அத்தனை பேரும் பேசிக்கொண்டிருந்ததில், இரண்டாம் வரிசைக்கு மிச்சமே இல்லை. ஒரு பொத்தானை மாற்றியிருந்தால் போதும், அவருடைய பெட்டிதானே.

"எனக்காக இப்படிப் பண்ணீங்களா பாய்?" என்றேன்.

"உங்களுக்காக இல்ல தம்பி, வரிசை அது. மூஞ்சிய நாளைக்குப் பாத்துக்கலாம். அழுத சத்தம் ஜோரா கேட்டுச்சு. அது முதல் வரிசையாச்சே."

அந்த வேலை எனக்குக் கிடைத்தது. இப்போது என் வீட்டில் இரண்டு மணி நேரப் படம் இரண்டு நிமிடத்தில் வந்து விழுகிறது. இருந்தாலும் ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால், ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். எதற்கு இந்தக் கூத்து என்று மனைவி கேட்டால், பாய் திட்டுவார் என்பேன். அவர் ஒருநாளும் என்னைத் திட்டியதில்லை.