நேரம் பின்னுக்குப் போன கலியாணம்

வாய் வல்லமை உள்ள ஒருவன் ஆயிரம் பேரை எதை வேண்டுமானாலும் நம்பவைக்கலாம் என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். யாருடைய பேச்சிலும் நான் மட்டும் மயங்கமாட்டேன் என்பதையும் அதே உறுதியோடு நம்பினேன். இரண்டும் பிழை என்று தெரிந்த திகதியை என்னால் சொல்ல முடியும்: 1988 செப்டெம்பர் 25, ஞாயிற்றுக்கிழமை. என்னுடைய கலியாண நாள்.

(புரட்டாசியில் கலியாணமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு: லண்டனில் மண்டபம் கிடைக்கிற நாள்தான் நல்ல நாள். வெம்பிளி மண்டபத்தில் அந்த ஒரு ஞாயிறுதான் மிச்சமிருந்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, காலை எட்டு நாற்பது முதல் ஒன்பது ஐம்பது வரை அருமையான முகூர்த்தம் ஒன்றைத் தேடிப் பிடித்துத் தந்தார். இரண்டு வீட்டாரும் உடனே நம்பினோம்.)

அப்போது லண்டனின் மறுகோடியில், பிளேஸ்டோவில், ஒரு கடைக்கு மேலிருந்த சின்ன வீட்டில் குணம் என்ற நண்பனோடு குடியிருந்தேன். பகலில் அலுவலகம், மாலையில் நூலகப் புத்தகங்கள். அந்த வருடம் முழுவதும் பிரசாரம், கூட்டத்தின் மனம் என்று ஒரே பிடியாக வாசித்துக்கொண்டிருந்தேன். வாசித்ததையெல்லாம் சமையலறையில் வைத்துக் குணத்தின் தலையில் கொட்டுவேன். அவனுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். அவன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து நான் தொடங்குவதால் தப்பி ஓட வழியில்லை.

“சனம் எண்டால் மந்தை, மச்சான். ஒருத்தன் தயங்காமல் ஒரு விசயத்தைச் சொன்னால் காணும், நம்பியிடும்.”

“அப்ப என்னை நம்பப் பண்ணு, பாப்பம்.”

“நீ தனி ஆள். நான் சொல்லுறது கூட்டத்தை.”

“கூட்டம் எண்டால் என்ன, என்னைப்போல நூறு பேர்தானே?” என்று சொல்லிவிட்டுக் குணம் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். அவன் புத்தகம் வாசிக்காதவன் என்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கலியாணத்துக்கு முதல்நாள் சனிக்கிழமை மாலை வீடு நிறைய ஆட்கள். எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வேட்டியை மடித்தேன், விரித்தேன், திரும்ப மடித்தேன். சப்பாத்தை மூன்று இடம் மாற்றி வைத்தேன். மணமகள் மாலினியை அதுவரை இரண்டே தரம்தான் கண்டிருந்தேன். இரண்டு தரமும் நானே பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் ஜெர்மனியிலிருந்து பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். விசா இல்லாததால் வர முடியாதவர். வைக்கும்போது, “உனக்கென்னடா, இண்டைக்கு இரவு நேரம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகுது. வடிவா நித்திரை கொண்டிட்டுப் போய்த் தாலியைக் கட்டு” என்றார்.

கோடையில் முன்னுக்குத் தள்ளிய மணிக்கூட்டைக் குளிர்காலம் வருமுன் ஓர் இரவில் ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பது இந்த நாடுகளின் வழக்கம். நான் உடனே கதிரையில் ஏறி நின்று அறிவித்தேன். (ஏன் கதிரையில் ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது.) “எல்லாரும் கேளுங்கோ, இண்டைக்கு இரவு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வையுங்கோ!”

“அது ஒக்டோபர் கடைசியில எல்லோ?” என்றது ஒரு குரல்.

“இந்த வருசம் மாத்திப் போட்டாங்கள். ஐரோப்பா முழுக்க ஒரே நாளில மாத்தவேணும் எண்டு சட்டம்” என்றேன்.

அந்தச் சட்டத்தை அந்த நொடியில் இயற்றியவன் நான்தான். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. எங்கோ வாசித்ததாகக்கூட ஞாபகம் வந்தது. அறையிலிருந்த அத்தனை பேரும் கைக்கடிகாரங்களைத் திருகினார்கள். பிறகு இல்ஃபோர்டுக்கும் சுற்றியுள்ள இடங்களுக்கும் செய்தி தொலைபேசியில் பறந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் நூறு பேரில் ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை, குணத்தைத் தவிர.

“அப்ப நான் இரவு ஒரு மணித்தியாலம் கூட நிக்கவேணுமோ? அதுக்கு ஆரடா சம்பளம் தாறது?” என்று முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனான்.

காலையில் நான் பாதி முகம் மழித்து நிற்கும்போது கதவு தட்டப்பட்டது. என்னை மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டிய மாப்பிள்ளைத் தோழன், மாலினியின் தம்பி பாபு, கோட்டும் சூட்டுமாக நின்றான்.

“என்ன அத்தான், இன்னும் சாரத்தோட நிக்கிறியள்? கலியாணம் இண்டைக்குத்தானே?”

“ஏன் ஆறு மணிக்கே வந்தனீர்?”

“ஆறோ? ஏழு!” என்று மணிக்கூட்டைக் காட்டினான்.

“இரவு அதைத் திருப்பி வைச்சனீரோ?”

“இல்லை.”

“பிறகென்ன?”

சட்டம், ஐரோப்பா எல்லாவற்றையும் விளக்கினேன். உண்மையே கோட்டுப் போட்டுக்கொண்டு என் வாசலில் வந்து நின்றது. நான் அதைக் கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தேன். பாபு மணிக்கூட்டைத் திருகிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றி, சோபாவில் சரிந்து குறட்டை விட்டான். நான் தொலைபேசியை எடுத்து, உறவினர் ஒவ்வொருவரிடமும் “நேரத்தை மாத்தினனீங்களோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒருவாறு வைத்தவுடன் அது மணியடித்தது. மாமனார்.

“தம்பி, இன்னும் வெளிக்கிடேல்லையோ? ஐயர் வந்திட்டார்.”

“மாமா, பதறாதேங்கோ, நேரம் மாறிட்டுது.”

“பேப்பரில ஒண்டும் காணேல்லையே…”

நான் அனுதாபத்தோடு சிரித்தேன். அந்தச் சிரிப்பு அவரை வீழ்த்திவிட்டது. அவர் மண்டபத்து மைக்கைப் பிடித்து, “மாப்பிள்ளை படிச்ச பிள்ளை, சொல்லுறார்” என்று தொடங்கி அறிவித்ததும், பெண் வீட்டாரும் மணிக்கூடுகளைத் திருகியதும், ஐயர் நிம்மதியாகத் தேத்தண்ணீர் கேட்டதும் பிறகு தெரியவந்தவை.

சிறிது நேரத்தில் திரும்ப மணியடித்தது. பின்னணியில் காப்புகள் உரசும் ஓசை.

“நான் மாலினி. மண்டபத்து வாசல் போனில இருந்து கதைக்கிறன். இப்ப நேரம் சொல்லுற நம்பருக்கு அடிச்சனான். எட்டேகால் எண்டு ஒரு மனிசி சொல்லுறா. நான் அவவை நம்பிறதோ, உங்களை நம்பிறதோ?”

எனக்கு ஐரோப்பா ஞாபகம் வரவில்லை. கூறைச் சேலையும் நகைகளுமாக அவள் சில்லறை போட்டு விசாரித்த அந்த இலக்கம் எனக்கும் தெரியும். மாமனாருக்குத் தெரியும். அந்த நூறு பேருக்கும் தெரியும்.

“வாறன்” என்றேன். அவளிடம் நான் பேசிய மிகச் சுருக்கமான வசனம் அதுதான்.

பாபு வெறுங்காலோடு காரை ஓட்டினான். நான் பின்சீற்றில் ஒரு கையால் வேட்டியையும் மறுகையால் தலைப்பாகையையும் பிடித்துக்கொண்டிருந்தேன். சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு தேவாலயக் கடிகாரம் என்னைப் பார்த்தது. முகூர்த்தம் தவறினால் அடுத்தது எப்போது, மண்டபம் எங்கே, மாலினிதான் இருப்பாளா என்று மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

உள்ளே நுழைந்தபோது ஒன்பது இருபத்தைந்து. பெண் வீட்டார் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் கதிரைகள் காலி. நடுவில் குணம் மட்டும் வேலைச் சட்டையோடு தூங்கி வழிந்துகொண்டிருந்தான்.

“அந்த ஒரு மணித்தியாலச் சம்பளத்தை மனேச்சரிட்டைக் கேட்டனான். விழுந்து விழுந்து சிரிச்சான்” என்றான்.

“எனக்கு ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதோ?”

“எத்தினை தரம் அடிச்சனான்! உன்ர போன் எங்கேஜ்ட்.”

மணவறையில் அமர்ந்ததும் மாலினியின் பக்கம் குனிந்து, “அது என்னெண்டால், ஜெர்மனியில இந்த மாசம் மாத்துறாங்கள், இஞ்சை அடுத்த மாசம்தான்…” என்று தொடங்கினேன்.

“முதல்ல தாலியைக் கட்டுங்கோ, பிறகு விளங்கப்படுத்தலாம்” என்றாள்.

ஐயர் மந்திரங்களை இரண்டிரண்டாக விழுங்கினார். ஒன்பது நாற்பத்தெட்டுக்குக் கட்டினேன். முக்கால் மணித்தியாலம் கழித்து என் பக்கத்து ஆட்கள் நன்றாகத் தூங்கி எழுந்த முகங்களோடு, பட்டும் பகட்டுமாக வந்து இறங்கினார்கள். வீடியோக்காரரும் அவர்களில் ஒருவர்.

அன்றிலிருந்து என் தத்துவத்தைத் திருத்திக்கொண்டேன். அதே ஆட்களிடம், எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு நேரத்துக்கு வாருங்கள் என்று அதே வாயால், அதே உறுதியோடு எத்தனையோ தரம் பேசியிருக்கிறேன், ஒருவரும் அசையவில்லை. அவர்களை மயக்கியது என் பேச்சல்ல, ஒரு மணித்தியால நித்திரை. நித்திரைக்குப் பதில் வேலை கிடைத்த குணம் மட்டும்தான் போய் விசாரித்தான். எனக்கோ நித்திரைகூட வேண்டியிருக்கவில்லை. பயந்துபோயிருந்த மாப்பிள்ளைக்கு இன்னுமொரு மணித்தியாலம் வேண்டியிருந்தது. யாரோ தந்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

அதன் பிறகு எங்கள் வீட்டு மணிக்கூடுகளைத் தொடும் உரிமை எனக்கில்லை. உண்மையாகவே நேரம் மாறுகிற இரவில் நான் அறிவித்தாலும், மாலினி அந்த இலக்கத்துக்கு அடித்துக் கேட்ட பிறகுதான் மாற்றுவாள்.

எங்கள் கலியாண வீடியோ சாப்பாட்டுப் பந்தியில்தான் தொடங்குகிறது. மகளுக்கு எட்டு வயதானபோது ஒருநாள் அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அப்பா, தாலி கட்டுற பார்ட் எங்க?” என்று கேட்டாள். ஜெர்மனியிலிருந்து தொடங்கி முழுவதையும் திகதிகளோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, அப்பா ரியலா தாலி கட்டினவரோ?”

“கட்டினதெண்டுதான் அவர் சொல்லுறார்” என்றாள் மாலினி.