சாம்பல் கிளியின் தாராளம்

“ஏங்க, மறுபடியும் சொல்லிட்டீங்களா?”

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு மனைவி உள்ளே வந்தபோது, கால்நடை டாக்டர் ஊசியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“என்னத்தைச் சொன்னேன்?”

“பேக்கரிக்காரர் என் மேஜைக்கு வந்து ‘எவ்வளவும்மா?’ன்னு கேட்டார். உள்ளேயிருந்து உங்க குரல். ‘இருக்கட்டும், பரவாயில்லை’ன்னு. மனுஷன் பர்ஸை மூடிட்டு நாயைத் தூக்கிட்டு ஓடிட்டார். அந்த நாயைத் தூக்கிட்டு ஓடறது லேசுப்பட்ட காரியமா? அவ்வளவு சந்தோஷம்!”

“நான் வாயே திறக்கலையே!”

“அப்போ யாரு? இந்த ஊசியா?”

டாக்டர் சத்தியம் செய்யத் தயாரானார். ஆனால் இருபத்தாறு வருஷமாக அவர் சொல்லிவந்த வாக்கியம் அதுதான். அந்தத் தெருவில் பேச்சுப் பழகும் குழந்தைகள் ‘அம்மா’வுக்கு அடுத்தபடி ‘இருக்கட்டும், பரவாயில்லை’ என்றுதான் சொல்லின என்பார்கள். அந்த இருபத்தாறு வருஷத்தில் அவர் சேர்த்த சொத்து, கையில் பதினான்கு பல் தடம், முதுகில் ஒரு குதிரை லாடத்தின் அச்சு. கடைசியாக எப்போது நன்றாகத் தூங்கினார் என்று கேட்டால், தனக்கே மயக்க ஊசி தவறிக் குத்திக்கொண்ட அந்த ஒரு நாளைச் சொல்வார்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு கட்டத்தான் முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வந்திருந்தார். அவர் நிதி ஆலோசகர். ஊர்ப் பணத்துக்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பவர். ஒரு படிவத்தை நீட்டி நிரப்பச் சொன்னார். ‘உங்களை நம்பி இருப்பவர்கள்’ என்ற இடத்தில் டாக்டர் ‘நாய் பதினொன்று, பூனை ஆறு, மனைவி ஒன்று’ என்று எழுதினார்.

“மாப்பிள்ளை, உங்க சேமிப்பைப் பாத்தேன். பூதக்கண்ணாடி வெச்சுத்தான் பாத்தேன். உங்ககிட்ட வருஷா வருஷம் ஏறறது ரத்த அழுத்தம் ஒண்ணுதான். அதை பேங்க்ல போட முடியாது.”

“என்ன பண்ணணும்கிறீங்க மச்சான்?”

“திங்கள்லேருந்து என் தங்கச்சி மேஜையில உக்காரட்டும். காசு விஷயத்துல நீங்க வாயைத் திறக்கவே கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் டிராயர்ல இருபதாயிரம் இருந்தா, கிளினிக் உங்களுது. இல்லேன்னா ஷட்டரை இழுத்துட்டு மாட்டுத்தீவனக் கம்பெனியில சேல்ஸ் வேலைக்குப் போறீங்க. லெட்டர்கூட வாங்கி வெச்சுட்டேன்.”

தீவனக் கம்பெனியில் சம்பளம் உண்டு, லீவு உண்டு, ராத்திரி தூக்கம் உண்டு. ஆனால் காய்ச்சல் இறங்கிய கன்றுக்குட்டி உள்ளங்கையில் மூக்கை வைத்து அழுத்துமே, அதைத் தீவன மூட்டை செய்யாது. டாக்டர் தலையாட்டினார். வேறு வழி இருந்தால்தானே.

இப்போது திங்கட்கிழமையே முதல் வசூல் ஓடிப்போய்விட்டது.

டாக்டர் அறையைச் சுற்றுமுற்றும் பார்த்தார். மூலையில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் சாம்பல் கிளி. அன்று காலையில்தான் தையல்காரம்மா ஊருக்குப் போகிற அவசரத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அதற்கு என்ன நோய் என்று சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ஆனால் எழுதியது டாக்டர் என்பதால் அவருக்கே படிக்க வரவில்லை. உத்தேசமாக வைட்டமின் சொட்டு விட்டிருந்தார்.

“கண்டுபிடிச்சுட்டேன்!” என்று ஊசியை உயர்த்தினார் டாக்டர். “சாம்பல் கிளி! ரெண்டு தடவை கேட்டாப் போதும், யார் குரலையும் அச்சு அசலாப் பேசும். நீ வர்றதுக்கு முன்னாடி காலையில ரெண்டு பேருகிட்ட நான் அப்படிச் சொன்னேன். பிடிச்சுக்கிச்சு!”

“இது பேசி நான் பாக்கலையே?”

“ஆள் இருந்தா கூச்சப்படும்.”

மனைவி கிளியைப் பார்த்தாள். கிளி அவளைப் பார்த்தது. இருவருக்குமே நம்பிக்கை பிறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மனைவி ஒரு முடிவோடு வந்தாள். கூண்டின்மேல் தடித்த கம்பளியைப் போர்த்தினாள். பிறகு டாக்டரின் வாயில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க்கை மாட்டினாள்.

“எனக்கு எதுக்கு?”

“யார் மேல தப்புன்னு தெரியற வரைக்கும் ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்.”

பால்காரர் பசுவுக்கு மருந்து வாங்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். “எவ்வளவுங்கம்மா?”

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இருக்கட்டும், பரவாயில்லை.”

பால்காரர் போன பிறகு மனைவி கண்கள் விரிய உள்ளே வந்தாள். “நீங்க சொன்னது நிஜம்தாங்க! போர்வைக்குள்ளேயிருந்து வர்ற மாதிரியே அமுங்கிக் கேட்டுச்சு!”

“இருபத்தாறு வருஷமா குடும்பம் நடத்தறோம். இன்னிக்குத்தான் நான் சொன்னதை நம்பியிருக்கே” என்றார் டாக்டர். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. டிராயருக்கு இல்லை.

கிளியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சொந்தக்காரி ஊரில் இல்லை. நோயாளியைத் தெருவில் விடவும் முடியாது. ஆகவே கிளியைத் திருத்துவது என்று முடிவாயிற்று.

புதன் முதல் மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, டாக்டர் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் நடத்தினார். “ஐந்நூறு எடுங்க. ஐந்நூறு எடுங்க.” ஒரு நாளைக்கு நானூறு தடவை. கிளி ஒற்றைக் காலில் நின்று கேட்டுக்கொண்டது. நடுவில் தூங்கியும்விட்டது. அது தூங்குவதைப் பார்த்து டாக்டருக்குப் பொறாமையில் கண் கலங்கியது. அவர் மாஸ்க்கைக் கழற்றுவதே இல்லை. அழுவது பாதிதான் தெரியும் என்பது அதில் ஒரு வசதி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாடம் பலித்தது. டிராயரில் அதுவரை சேர்ந்தது மொத்தமே ஐந்நூறு. அதுவும் யாரும் விலை கேட்காமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனது. மனைவி அதையே நான்காவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தபோது, சலவைக்காரர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“எவ்வளவும்மா ஆச்சு? கையில சுத்தமா இல்ல. மருந்துச் சீட்டு வேற குடுத்திருக்கார். என்ன பண்றதுன்னே தெரியல.”

திரைக்குப் பின்னாலிருந்து, கனிவும் உறுதியுமாக, டாக்டரின் குரல் வந்தது. “ஐந்நூறு எடுங்க.”

சலவைக்காரர் திகைத்தார். மேஜைமேல் இருந்த நோட்டுகளைப் பார்த்தார். திரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஐந்நூறையும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டு, “தெய்வம்மா உங்க வீட்டுக்காரர்” என்று சொல்லிவிட்டு ஆட்டோடு போய்விட்டார்.

மனைவி காலி மேஜையை ஐந்தாவது தடவையாக எண்ணினாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வந்து டிராயரை இழுத்துப் பார்த்தார். உள்ளே ஒரு நாய்ச் சங்கிலியும் இரண்டு குண்டூசியும் இருந்தன.

“மாப்பிள்ளை, கடன்காரன்கூடக் கொஞ்சம் மிச்சம் வைப்பான்.” லெட்டரை மேஜைமேல் விரித்து, பேனா மூடியைக் கழற்றினார். “கையெழுத்துப் போடுங்க.”

“மச்சான், தப்பு என்னோடது இல்ல. கிளியோடது.”

“எதோடது?”

“ஆமாண்ணா” என்றாள் மனைவி. “நானே காதால கேட்டேன். இவர் வாயைக் கட்டிப் போட்டிருந்தேன். அப்பவும் பேசுச்சு.”

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிதித் திட்டத்தில் இதற்குக் கட்டம் எதுவும் இல்லை.

“மச்சான், நான் மாறிட்டேன்” என்றார் டாக்டர். “உங்க தங்கச்சி மேஜைக்கு வந்ததுலேருந்து ஒருத்தர்கிட்டயும் ‘இருக்கட்டும்’னு சொல்லல. ஒருத்தர்கிட்டயும்! கிளி போகட்டும். இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

அண்ணன் கல் நெஞ்சர் அல்ல; வட்டி விகிதம் தெரிந்தவர், அவ்வளவுதான். “சரி. கிளிதான் பேசுச்சுன்னு என் கண் முன்னாடி தெரியட்டும். ஒரு வாரம் தர்றேன்.”

சொல்லி வாய் மூடுவதற்குள் வாசலில் செருப்புச் சத்தம். தையல்காரம்மா, ஊரிலிருந்து நேராக, பையும் கையுமாக வந்து நின்றாள். டாக்டர் பாய்ந்துபோய்க் கூண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டு, மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு, அதன் பின்னால் நின்றார்.

“ஒரு வாரம் வெச்சுப் பாத்துக்கிட்டீங்க” என்று தையல்காரம்மா பர்ஸைத் திறந்தாள். “எவ்வளவு டாக்டர் தரணும்?”

அண்ணன் கூண்டுக்கு அருகே குனிந்தார். மனைவி புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கிளி ஒரு விதையைக் கடித்தது. அலகு அசைந்தது.

“இருக்கட்டும்மா, பரவாயில்லை.”

“கேட்டீங்களா மச்சான்!” டாக்டர் துள்ளினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. “கேட்டீங்களா! அலகு அசைஞ்சுதா இல்லையா? நான் இல்ல! இந்தக் கிளி!”

அண்ணன் மெதுவாகப் பேனாவை மூடினார்.

தையல்காரம்மா கூண்டைப் பார்த்தாள். டாக்டரின் மாஸ்க்கைப் பார்த்தாள்.

“கிளியா? ஏன் டாக்டர், இதுக்குப் பொறவியிலேயே பேச்சு வராதுன்னுதானே உங்ககிட்ட வைத்தியத்துக்கு விட்டுட்டுப் போனேன்?”