துவக்குக்கு நெற்றி எது?

வாயில் சூடான மின்ஸ் பை (கொத்திறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம்) இருக்கும்போது மனிதன் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எனக்கு அது அப்போது தெரியாது.

ஒனிஹங்காவில் நான் வேலை செய்யும் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரம். மான் வேட்டைக்குப் போகிற சக ஊழியன் கிரெய்க் தன் ரைபிளுக்குப் புதுக் குழல் மாட்டிவிட்டானாம். கம்பனியிலிருந்து வந்த குழலைப் பழைய இரும்போடு எறியப் போகிறானாம். எறிவதா? ஐஸ்கிரீம் டப்பாவைக் கழுவிக் கழுவிப் பருப்புக்கறி வைக்கிற பரம்பரை நான். பையை விழுங்குவதற்குள் எனக்குத் தா என்று கேட்டுவிட்டேன். என்னிடம் குழல் தேய்ந்த ரைபிள் ஒன்று இருந்தது. லைசென்ஸ் இருந்தது. பட்டறையில் லேத் மெஷின் இருந்தது. பொறியியல் பட்டம் வேறு. (பட்டம் வாங்கியவனைக் கடவுள்கூடத் தடுப்பதில்லை. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பார்.)

தடை வீட்டில் இருந்தது. அப்பா துவக்குச் சத்தம் கேட்டே (எங்கள் பேச்சில் துப்பாக்கிக்கு அதுதான் பெயர்) யாழ்ப்பாணத்தை விட்டு வந்த மனுசன். என் லைசென்ஸுக்காக ஓர் அதிகாரி லின்ஃபீல்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்து அவரைத் தனியாகக் கேட்டபோது, மகனுக்காக ஓம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தவர். குழல் கதையைக் கேட்டதும் ஒரே நிபந்தனை போட்டார்.

"முதல் வெடி நான் பாக்கோணும். ஏதும் பிழை வந்துதெண்டா துவக்கை வித்துப்போடு. அதுக்குப் பிறகு இந்த வீட்டில துவக்குக் கதை இல்லை."

பழைய குழல் எவ்வளவு பிடிவாதம் பிடிக்கும் என்று நான் பார்த்த எந்த வீடியோவும் சொல்லவில்லை. ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெலிவு. லேத்தில் மெதுவாகப் பிடித்தால் வழுக்கும், இறுக்கினால் கீறும். பழைய திருகுமரை என் துவக்குக்குப் பொருந்தவில்லை. அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். குண்டு வெளியேறும் வாயில், ஓட்டையைச் சுற்றி வட்டப் பள்ளம் ஒன்றும் வெட்டினேன். பொருத்திப் பார்த்தால் கம்பனியின் பெயர் தலைகீழாய் அடியில் போய் நின்றது. இத்தனை வெட்டுக்கும் குழலின் வெளிப்புறத்தை வைத்தே நடு பிடித்தேன். உள்ளே ஓடுகிற ஓட்டையும் நடுவில்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னது? ஒருவரும் இல்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

குழலைக் கழற்றி, மினுக்கி, அம்மாவுக்குக் காட்ட வீட்டுக்குக் கொண்டுவந்தது அடுத்த புத்திசாலித்தனம். குசினிக்குள் சமையல் மேசையில் வைத்துவிட்டு போனில் கிரெய்க்கிடம் பெருமையடித்துத் திரும்புகிறேன். அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நிற்கிறா.

"என்னம்மா செய்யிறியள்?"

"புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமலோ? காருக்கு வைச்சனான். உன்ர லாப்டொப்புக்கும் வைச்சனான். அது இண்டைக்கும் வேலை செய்யுது."

துவக்குக்கு நெற்றி எது என்பதில் அவவுக்குச் சந்தேகமே வரவில்லை. வட்டமாக, எதிரே பார்த்துக்கொண்டிருந்த வாய்தான். கட்டைவிரலால் தாராளமாக அழுத்தி, மேலே குங்குமமும் வைத்திருந்தா. நான் சிரித்துக்கொண்டே விளிம்பைத் துடைத்தேன். பிறகு, தூசி உள்ளே போகக் கூடாதே என்று வாயில் டேப் ஒட்டினேன். அடுத்த நாள் பட்டறையில் அப்படியே துவக்கில் பூட்டினேன். (தூசிக்குப் பயந்தவனைப் பாருங்கள்.)

சனிக்கிழமை கிளப்பின் சுடும் மைதானம். அப்பா கோயிலுக்குப் போகிற சேர்ட் போட்டு வந்திருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பொக்கெட்டுக்குள் விட்டிருந்தார். கடையில் கொடுக்காமல் நானே குழல் மாற்றிய துவக்கு என்பதால், சுட முன்னர் மைதானப் பொறுப்பாளர் ஜில் அதைச் சோதிக்க வேண்டும். டேப்பை உரித்தா, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தா. வெளிச்சம் இல்லை.

வரிசையில் எல்லோரையும் துவக்கைக் கீழே வைக்கச் சொன்னா. ஒரு கம்பியை உள்ளே விட்டுத் தள்ளினா. காய்ந்த மஞ்சள் கட்டி ஒன்று, சிவப்புத் தொப்பியோடு, அவவின் உள்ளங்கையில் விழுந்தது. மணந்து பார்த்துவிட்டு, வாசம் நல்லாயிருக்கிறது, ஆனால் இதோடு சுட்டிருந்தால் குழல் என் முகத்துக்கு முன்னால் பிளந்திருக்கலாம் என்றா.  அப்பா எனக்குப் பின்னால் நின்றார். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அது முதல் அதிர்ச்சி. குழலைத் துடைத்துக் கொடுத்தார்கள். வாயின் பள்ளத்தில் கொஞ்சம் சந்தனம் ஒட்டியிருந்தது. அது ஓட்டையைச் சுற்றி ஒரே அகல வளையமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. அழகான மூன்றாம் பிறை. நான் வெட்டிய பள்ளம் ஒரு நடுவில், ஓட்டை இன்னொரு நடுவில். முன்பக்கம் இப்படியென்றால் மரை போட்ட பின்பக்கத்தையும் இதே கண்ணால், இதே மண்டையால்தானே வெட்டினேன்?

ஜில் பிறையைக் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு அது விளங்கப் போவதில்லை.

"துப்பரவாக்கியாச்சுத்தானே," என்றார் அப்பா. "இப்ப சுடலாமோ?"

ஓம் என்றால் நம்பியிருப்பார்.

"இல்லை அப்பா. அம்மாவின்ர பிழையில்லை. குழல் கோணல். நான்தான் பிழையா வெட்டினனான்."

காரில் ஏறினோம். துவக்கை யாருக்கு விற்கலாம் என்று நான் மனதுக்குள் விளம்பரமே எழுதி முடித்துவிட்டேன். லின்ஃபீல்டுக்குத் திரும்பும் சிக்னலில் அப்பா அம்மாவின் பேச்சை எடுத்தார்:

"கொம்மா பொட்டு வைச்சிராட்டி?"

"கோணல் தெரிஞ்சிராது. சுட்டிருப்பன்."

சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"அவளிட்டை இதைச் சொல்லிப்போடாத. பிறகு எங்களை இருக்கவிடமாட்டாள்."

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னது அவரேதான், அதுவும் செருப்பைக் கழற்ற முன்னம். அன்றிலிருந்து எங்கள் உறவில் யார் எதை வாங்கினாலும், சலவை மெஷினோ வீடோ, முதலில் அம்மாவுக்குத்தான் போன். "அக்கா, ஒருக்கா இன்ஸ்பெக்ஷனுக்கு வாங்கோ."

விற்கச் சொல்லி அப்பா இன்னும் சொல்லவில்லை. வருகிற வாரம் குழலின் இரண்டு முனையையும் வெட்டித் தள்ளிவிட்டு, ஓட்டையை வைத்தே நடு பிடித்துத் திரும்பத் தொடங்கப் போகிறேன். கட்டையாகிவிடும், மான்தான் கொஞ்சம் கிட்ட வர வேண்டும். அப்பா நேற்றுக் கடைக்குப் போய்க் காதை மூடும் கவசம் வாங்கி வந்தார். இரண்டு சோடி.

ஒன்று எனக்காக்கும் என்று கையை நீட்டினேன்.

"உன்னட்டை இருக்குத்தானே," என்றார். "இது கொம்மாவுக்கு."