கம்பிக்கு வந்த ஆபத்து

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரிக்குள் மீன் இருந்தது. ஏரிக்கு மேலே மின்கம்பி இருந்தது. மீன் பறவைகளின் கண்ணுக்குத் தெரியும். கம்பி தெரியாது.

அந்த ஏரிக்கரையில் ஒரு கருவேல மரத்தில் தைலம்மை என்ற கூழைக்கடா குடியிருந்தாள். ஒருநாள் விடியற்காலை மூடுபனியில், வாய் நிறைய மீனோடு கூட்டுக்குத் திரும்பிய அவள் கணவன் ஆவுடையப்பன் கம்பியில் மோதினான். உயிர் பிழைத்தான். இடது இறக்கை ஒடிந்து தொங்கியது. அன்று முதல் அவன் கூட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான் நேராத்தாங்க வந்தேன், கம்பிதான் குறுக்கே வந்துட்டுது" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

தைலம்மைக்கு உட்கார்ந்து அழக்கூட நேரமில்லை. கூட்டில் மூன்று குஞ்சுகள். மூன்றும் இறக்கையை அடித்து அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. இன்னும் பன்னிரண்டு நாளில் பறந்துவிடும். கூட்டுக்கும் ஏரிக்கும் நடுவில் அதே கம்பி.

வலசை வந்த வாத்து ஒன்று அவளிடம் சொன்னது: "நாங்க வர்ற வழியில ஒரு இடத்துல, கம்பியில ஆரஞ்சு கலர் உருண்டை தொங்கவிட்டிருக்காங்க. தூரத்துலயே தெரிஞ்சிடும். மேலே ஏறிப் போயிடுவோம். அவ்வளவுதான் விஷயம்."

தைலம்மை அன்றே மின்சார அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அதிகாரி ஓர் உடும்பு. உட்கார்ந்த நாற்காலியை அவர் விட்டு யாரும் பார்த்ததில்லை. பக்கத்தில் குமாஸ்தா ஓணான். "நடக்குமா?" என்று கேட்டாலும் தலையாட்டுவார், "நடக்காதா?" என்று கேட்டாலும் தலையாட்டுவார்.

தைலம்மை தன் தாடைப் பையிலிருந்து மனுவை எடுத்து நீட்டினாள். மனுவோடு ஒரு கெண்டை மீனும் வந்து மேசையில் விழுந்து துள்ளியது.

"இணைப்புப் பட்டியல்ல இந்த மீன் இல்லையே" என்றார் உடும்பு.

"தவறுதலா வந்துட்டுதுங்க."

"தவறைத் திருத்திடலாம்" என்று உடும்பு அதை விழுங்கினார். பிறகு மனுவைப் படித்தார். "உருண்டை கேக்குறே. சரி, வரும். போ."

ஓணான் தலையாட்டினார். தைலம்மை அதை நம்பினாள்.

நான்காம் நாள் உருண்டைகள் வந்தே விட்டன. ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, நல்ல ஆரஞ்சு. தைலம்மைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஆட்கள் கம்பியின் பக்கம் போகவில்லை. பறவைகளை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவர் கழுத்திலும் ஓர் உருண்டையைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

தைலம்மை அலுவலகத்துக்கு ஓடினாள். "ஐயா, உருண்டையைக் கம்பியில இல்லீங்களா கட்டணும்?"

"கம்பியில கட்டணும்னா கரண்டை நிறுத்தணும். நிறுத்தணும்னா தலைவர் கரடி ஐயா கையெழுத்துப் போடணும். அவருக்கு உடம்பு முழுக்க முடி. ஏசி ஒரு நிமிஷம் நின்னாலும் தாங்கமாட்டார். உங்க கழுத்துல கட்டினா எதையும் நிறுத்த வேண்டாம் பாரு."

"எங்க கழுத்துல கட்டினா கம்பி எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

"கம்பிக்கு நீங்க தெரிவீங்க இல்ல?"

"தெரிஞ்சு கம்பி என்னங்க பண்ணும்?"

"அது கம்பியோட பொறுப்பு" என்றார் உடும்பு.

உருண்டையோடு யாராலும் எழும்ப முடியவில்லை. நாரைகள் ஏரிக்கு நடந்து போயின. நீர்க்காகம் முங்கினால் உருண்டை மிதந்து அதை மேலே இழுத்தது. தைலம்மை காலையில் கிளம்பி, நான்கு மீனோடு மாலையில்தான் வீடு வந்து சேர்ந்தாள். அவளுடைய மூத்த குஞ்சு ஒருமுறை குதித்துப் பார்த்து, கயிறு கிளையில் மாட்டி அரைநாள் தொங்கியது. அலுவலக வாசலில் மட்டும் ஒரு பலகை வைத்தார்கள்: 'இந்த வாரம் மோதல்: பூஜ்யம்.'

பன்னிரண்டாம் நாள் விடிந்தது. அன்றும் மூடுபனி. குஞ்சுகளின் பசிக்கு நடந்து கொண்டுவரும் மீன் போதவில்லை. இன்று பறக்காவிட்டால் இனி பறக்கத் தெம்பிருக்காது. தைலம்மை குஞ்சுகளின் கழுத்திலிருந்த மூன்று கயிற்றையும் அலகால் அறுத்தாள். பிறகு கணவனிடம் தன் கழுத்தைக் காட்டினாள்.

"நான் போய்க் கம்பியில உட்காருறேன். கம்பி தெரியாட்டியும் என் உடம்பு தெரியுமில்ல? பிள்ளைங்க என்னைப் பார்த்து மேலே ஏறிப் போயிடட்டும்."

"உன் எடையைக் கம்பி தாங்குமா?" என்று கேட்டான் ஆவுடையப்பன்.

"கயிறை அறுங்க" என்றாள் அவள்.

கூழைக்கடாவின் காலுக்குக் கம்பியைப் பிடிக்கத் தெரியாது. ஆகவே தைலம்மை வயிற்றை வைத்து அதன்மேல் படுத்துக்கொண்டாள். அங்கே மேலும் கீழுமாக இரண்டு கம்பி. அவள் படுத்த மேல்கம்பி தொட்டில்போலத் தொய்ந்தது. முதல் குஞ்சு அவளைப் பார்த்து மேலேறிக் கடந்தது. இரண்டாவதும் கடந்தது. மூன்றாவது கூட்டு விளிம்பில் நின்று யோசித்தது. கீழ்க்கம்பி நெருங்கிக்கொண்டே வந்தது.

"வாடா! உங்கம்மா இங்க ஊஞ்சலா ஆடுறேன்!"

அது பறந்தது. அதன் கால்விரல் அவள் தலையை உரசிப் போனது. அந்த நொடியில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டன. நீல வெளிச்சம். தைலம்மை வால் புகைய ஏரியில் போய் விழுந்தாள்.

காடு முழுக்கக் கரண்ட் போனது. கரடியின் ஏசி நின்றது. அரைமணி நேரத்தில் உடும்பு ஏரிக்கரைக்கு வந்துவிட்டார், நாற்காலியோடுதான்.

"யார் பண்ணினது?"

தைலம்மை கரையேறினாள். "நான்தாங்க. கம்பி கண்ணுக்குத் தெரியலை, உட்கார்ந்துட்டேன். நாளைக்கு எங்காளுங்க இன்னும் பத்துப் பேர் உட்காருவாங்க."

உடும்பின் முகம் வெளிறியது. "கம்பிக்கு ஆபத்து! எழுதுய்யா!"

ஓணான் தலையாட்டிக்கொண்டே எழுதினார். கரண்ட் ஏற்கெனவே நின்றிருந்ததால் யார் கையெழுத்தும் தேவைப்படவில்லை. மதியத்துக்குள் எல்லார் கழுத்திலிருந்தும் உருண்டைகளைக் கழற்றி, பத்தடிக்கு ஒன்றாகக் கம்பியில் கட்டிவிட்டார்கள். அதற்கு 'பறவைகளிடமிருந்து கம்பிகளைப் பாதுகாக்கும் அவசரத் திட்டம்' என்று பெயர். எந்தப் பறவையும் இனிமேல் கம்பிக்கு நூறடிக்குள் வரக்கூடாது என்று தைலம்மையிடம் எழுதியும் வாங்கினார்கள். ஈரக்காலை அழுத்தி அவள் அதில் ரேகை வைத்தாள்.

"பெரிய தண்டனையா?" என்று கூட்டிலிருந்து கேட்டான் ஆவுடையப்பன்.

"ஆமாங்க, ரொம்பக் கடுமை" என்றாள் தைலம்மை. உருண்டைகளுக்கு மேலே, நூறடிக்கும் அதிக உயரத்தில், மூன்று குஞ்சுகளும் வட்டமடித்துக்கொண்டிருந்தன.

நீதி: உயிருக்கு ஆபத்து என்று மனுக் கொடுத்தால் மனு மட்டுமே பத்திரமாக இருக்கும், ஆகவே நேரே போய்க் கம்பிமேல் உட்காரவும், கொஞ்சம் கனமாக.