நாசிமியுவின் வெள்ளைக் கோட்டு

"வாங்க கண்ணுங்களா, நான்தான்" என்று நாசிமியு நான்காவது முறையாகச் சொன்னாள்.

மேஜைக்கு அடியில் பதுங்கியிருந்த எட்டுக் குழந்தைகளும் அதை நம்புவதாக இல்லை. மூன்று வயது ஜபெத் மட்டும் தலையை வெளியே நீட்டித் தன் இடது தொடையைத் தொட்டுக் காட்டினான்.

"எனக்குப் போன மாசமே ஊசி போட்டாச்சு" என்றான். பிறகு பக்கத்தில் இருந்தவளைப் பிடித்து முன்னால் தள்ளினான். "ஷாரனுக்குப் போடுங்க."

ஷாரன் வீறிட்டாள். ஒன்று அழுதால் எட்டும் அழும் என்பது அந்தக் குழந்தைகள் காப்பகத்தின் வழக்கம். நாசிமியு குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். கழுத்திலிருந்து முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு. அதன் மேல் ரப்பர் ஏப்ரன். ஒரு மயிர்கூட வெளியே தெரியாத வெள்ளைத் தொப்பி. காலில் முழங்கால் உயர வெள்ளை ரப்பர் பூட்ஸ். காலையில் கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்கே யாரோ என்றுதான் இருந்தது. குழந்தைகளைக் குறை சொல்லி என்ன செய்வது?

எல்லாம் அந்தக் கடிதத்தால் வந்த வினை. முந்தின நாள், திங்கட்கிழமை, சுகாதார அலுவலகத்து ஆள் சைக்கிளில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். இரண்டு தாள்கள், மூலையில் ஒரு பின். முதல் தாளில் காப்பகத்தின் பெயரும் நாசிமியுவின் பெயரும் இருந்தன. வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு வருகிறோம், பணியாளர் உடை இணைப்பில் கண்டபடி இல்லாவிட்டால் அனுமதி ரத்து என்று மிரட்டலும் இருந்தது. இரண்டாம் தாளில் வரிசையாகப் பதினோரு விதிகள்.

அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அந்த அலுவலகத்துக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிடாமல் விடுவதில்லை. பால் விற்கிறவர், மண்டாசிப் பலகாரம் சுடுகிறவர், ரொட்டி போடுகிறவர் எல்லோரும் மாட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள். இப்போது பிள்ளை பார்க்கிறவர்களின் முறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

காப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவள் வீட்டின் முன்னறை, ஒரு முற்றம், எட்டுப் பாய்கள், ஒரு கஞ்சிப் பானை. ஆனால் அதை நம்பித்தான் எட்டுத் தாய்மார்கள் காலை ஏழு மணிக்கு மாவு மில்லுக்கும் சந்தைக்கும் போகிறார்கள். மூடிவிட்டால் அவர்கள் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மூட்டை தூக்க வேண்டும். நாசிமியு பழையபடி அடுத்தவர் வீட்டுத் துணி துவைக்கப் போக வேண்டும்.

"அக்கா, அந்த ஆறாவது விதியை இன்னொரு தடவ படிங்களேன்" என்றாள் அவினோ. உதவிக்கு இருக்கும் பெண். அவளும் அதே கோலத்தில்தான் இருந்தாள், கோட்டு மட்டும் இரண்டு அளவு பெரிது.

"'தோளில் தூக்கிச் செல்லும்போது ஈரம் உடலில் படாதவாறு ரப்பர் ஏப்ரன் அணிய வேண்டும்.' இதுல என்னடி தப்பு? நம்ம எலாய்ஜா ஒரு நாளைக்கு எத்தன தடவ நம்ம மேல போறான்? அனுபவப்பட்டவங்க யாரோதான் எழுதியிருக்காங்க."

"ஏழாவது?"

"'இடுப்பில் தொங்கும் துணி எதுவும் கூடாது.'"

அவினோவின் முகம் சுருங்கிவிட்டது. தொங்கும் துணி என்றால் லேசோ. மூக்குத் துடைக்க, பிள்ளையை முதுகில் கட்ட, தூங்கினால் போர்த்திவிட, கண்ணாமூச்சி ஆட, எல்லாவற்றுக்கும் இடுப்பில் சுற்றிய அந்தப் பூப்போட்ட துணிதான்.

"அது இல்லாம இதுங்கள எப்படிக்கா தூங்க வைக்கிறது?"

"சட்டம்னா சட்டம்தான். மொதல்ல மேஜைக்கு அடியிலேருந்து வெளிய கொண்டு வர வழியப் பாரு."

அவினோ வழி பார்த்தாள். பழைய மாவுச் சாக்கை வெட்டி எட்டுக் குட்டித் தொப்பிகள் செய்தாள். "நாமளும் அவங்களும் ஒண்ணுன்னு ஆகிட்டா பயம் போயிரும்க்கா."

பயம் போய்விட்டது. தொப்பி தலையில் ஏறியதும் எட்டுப் பேரும் டாக்டராகிவிட்டார்கள். கஞ்சிக் கரண்டிகள் ஊசிகளாயின. சாயங்காலம் தக்காளிக் கூடையோடு வாசலில் வந்து நின்ற ஷாரன் அம்மாவுக்கு, என்ன ஏது என்று கேட்பதற்குள் தொடையில் நாலு ஊசி விழுந்தது. நாலாவது ஊசி சொந்த மகள் போட்டது.

"அசையாத! வலிக்காது" என்றாள் ஷாரன்.

"ஏன் நாசிமியு, இதுக்குத்தான் நான் பிள்ளைய இங்க அனுப்புறேனா?" என்று ஷாரன் அம்மா உருண்டோடிய தக்காளிகளைப் பொறுக்கினாள்.

புதன்கிழமை பூட்ஸின் முறை. அதைப் பார்த்துக் குழந்தைகள் பயப்படவில்லை. அதுதான் தொல்லை. கை கழுவ நாசிமியு ஒரு நிமிடம் கழற்றி வைத்ததும் குட்டிப் பையன் எலாய்ஜா தன் கேழ்வரகுக் கஞ்சி முழுவதையும் அதற்குள் ஊற்றினான். அதற்குப் பசிக்கிறதாம். மாற்று பூட்ஸ் இல்லை. அன்று முழுக்க அவள் நடந்த இடமெல்லாம் சளக் சளக் என்று சத்தம் வந்தது. அவினோவின் பூட்ஸுக்குள் ஷாரன் இடுப்பு வரை இறங்கிவிட்டாள். சமையல் எண்ணெய் விட்டுத்தான் இழுத்தார்கள்.

இதையெல்லாம்கூடச் சமாளிக்கலாம். மத்தியானத் தூக்கத்தைத்தான் சமாளிக்க முடியவில்லை. மடியில் படுத்த பிள்ளை ரப்பரில் வழுக்கிக்கொண்டே போய்ப் பாயில் விழுந்தது. திரும்ப எடுத்துப் போட்டால் திரும்ப வழுக்கியது. இரண்டு நாளாக ஒருவரும் கண் மூடவில்லை.

"சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா தூக்கக் கலக்கத்துல மாமியாரைக் கடிக்கிறான்" என்றாள் ஜபெத் அம்மா. மாவு மில்லில் வேலை செய்பவள், எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. "அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா என்னையும் கடிக்கிறானே!"

வியாழக்கிழமை நாசிமியுவுக்கு ஒரு யோசனை வந்தது. லேசோவைக் கோட்டுக்கு உள்ளே சுற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவள் இரண்டு லேசோவைச் சுற்றிக்கொண்டாள், அவினோவுக்கும் இரண்டு சுற்றிவிட்டாள். மத்தியானம் கோட்டுக்கு அடியிலிருந்து நாலு முனைகளை வெளியே இழுத்து விட்டார்கள். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு பிள்ளைகள். கன்னத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் எட்டும் தூங்கிப்போயின. நாசிமியுவுக்கு நிம்மதியில் கண் கலங்கிவிட்டது.

அந்த நிம்மதி சாயங்காலம் வரைதான். வாசலுக்கு வந்த ஜபெத் அம்மா அவள் வயிற்றையே பார்த்தாள்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேம்மா நீ."

"ஐயோ, இது பிள்ள இல்ல. துணி."

"துணியா? எங்க சித்தியும் இப்படித்தான் சொன்னா. அந்தத் துணி இப்ப ரெண்டாம் கிளாஸ் படிக்குது." அப்போது அவினோ பக்கவாட்டில் திரும்பினாள். ஜபெத் அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "இவளுமா? ரெண்டு பேரும் ஒரே மாசமா?"

கோட்டைத் தூக்கிக் காட்டியிருக்கலாம். ஆனால் காட்டினால் உள்ளே லேசோ இருப்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், அலுவலகத்துக்கும் போய்விடும். காட்டாவிட்டால் கர்ப்பம். நாசிமியு கோட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் தாய்மார்கள் எட்டுப் பேரும் விசாரித்துவிட்டுப் போனார்கள். நீங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில படுத்துட்டா எங்க பிள்ளைங்கள யாரு பாக்குறது என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. இரண்டு பேர் பெட்ரோல் பங்க் பக்கத்துக் காப்பகத்தில் ஏற்கெனவே பேசிவிட்டார்களாம்.

"ஆபீசர் மூடுறதுக்கு முன்னாடி நாமளே மூடிருவோம் போல" என்றாள் நாசிமியு. சொல்லும்போது சிரிக்கத்தான் பார்த்தாள், அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆய்வாளர் வந்தார். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்த, அமைதியான மனிதர். உள்ளே நுழைந்ததும் ஜபெத் கரண்டியால் ஒரு ஊசி போட்டான். அவர் பொறுமையாக வாங்கிக்கொண்டார். பாய்களைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், கஞ்சிப் பானையை மோந்து பார்த்துத் தலையாட்டினார். கடைசியாகச் சுவரோரம் விறைப்பாக நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, இது என்ன வேஷம்?"

"வேஷமா? நீங்க அனுப்பின விதிதான் சார்" என்றாள் நாசிமியு. அதற்கு மேல் அவளால் பொய்யாக நிற்க முடியவில்லை. "பத்து விதிய அப்படியே கடைப்பிடிச்சேன். ஏழாவத மட்டும் மீறிட்டேன்" என்று சொல்லிக் கோட்டுக்கு அடியிலிருந்து லேசோவை இழுத்தாள். ஒன்று வந்தது. இன்னொன்றும் வந்தது. வயிறு போன இடம் தெரியவில்லை.

பிள்ளையை விட்டுவிட்டு, ஆய்வு எப்படிப் போகிறது என்று பார்க்க வாசலிலேயே நின்றிருந்த ஜபெத் அம்மா வாயில் கை வைத்தாள். "அடக் கடவுளே, துணியேதான்!"

"இது இல்லாம பிள்ளைங்க தூங்க மாட்டேங்குது சார்" என்றாள் நாசிமியு. "எனக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. இந்த எடத்த மட்டும் மூடிராதீங்க. இதுங்களுக்கும் போக்கிடம் இல்ல, எனக்கும் இல்ல."

ஆய்வாளர் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். முதல் தாளைப் படித்தார். இரண்டாம் தாளைப் படித்தார். திரும்பவும் முதல் தாளுக்குப் போனார். மூலையில் இருந்த பின்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் கழுத்து வியர்க்க ஆரம்பித்தது. ஒரு பேனாவை எடுத்து, அனுமதிப் பத்திரத்தில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"மொதல்ல அந்த பூட்ஸக் கழட்டுங்கம்மா. ரெண்டு பேரும் லேசோவ எடுத்து எப்பவும் போல வெளியவே கட்டிக்கோங்க."

நாசிமியு பத்திரத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்திலும் அவளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை.

"அப்ப இந்தப் பதினோரு விதியும் யாருக்கு சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் வாசலை அடைத்துக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றார். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். பொத்தான் இல்லாத, பச்சைக்கிளிப் படம் போட்ட பருத்திச் சட்டை. இடுப்பில் மஞ்சள் லேசோ. கையில் இரண்டு தாள் கடிதம்.

"பராசா! உங்க எடத்துக்கு மத்தியானம்தானே வர்றதாச் சொன்னேன்?" என்றார் ஆய்வாளர், ஓர் அடி பின்வாங்கி.

"அதுக்குள்ள ஒரு சந்தேகம் சார்" என்றார் அந்த ஆள், மிகவும் பணிவாக. "மடியில படுத்துத் தூங்குறப்ப கன்னத்துல குத்தாத துணியா இருக்கணும்னு எழுதியிருந்தீங்க, அப்படியே தச்சுப் போட்டுக்கிட்டேன். ஆனா நாலு நாளா தாலாட்டுப் பாடியும் ஒரு மாடுகூட என் மடியில படுக்க மாட்டேங்குது. இப்படியே போனா நான் எப்பதான் சார் கறி வெட்டுறது?"