கோழியண்ணையும் டீ கேட்ட குருவியும்

"தோட்டத்திலுள்ள பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் உணவளிக்கக் கூடாது." விதி அவ்வளவுதான். உட்பிரிவு இல்லை, விதிவிலக்கு இல்லை, அடிக்குறிப்புக்கூட இல்லை. வாழ்நாள் முழுவதும் கோப்புகளோடு குடும்பம் நடத்தி ஓய்வுபெற்ற கிளாக்கர் நான் சொல்கிறேன்: இத்தனை சுத்தமான விதியை நான் அதிகம் கண்டதில்லை. அதை எதிர்த்துக் கோழியண்ணையைப் போலப் போராடியவர் மொன்றியாலில் பிறந்ததும் இல்லை, அகதியாக வந்து இறங்கியதும் இல்லை.

கோழியண்ணை மன்னார்க்காரர். முப்பது வருடம் ஒரு கோழித் தொழிற்சாலையில் வெட்டும் வரிசையில் நின்றவர். இயற்பெயர் மாதா கோயில் பதிவேட்டில் இருக்கும்; வெளியே யாருக்கும் தெரியாது. அவருடைய பிரெஞ்சும் அந்த வரிசையில் கற்றதுதான். கத்தி, செட்டை, ஈரல், கெதியாய். இந்த நான்கு சொற்களை வைத்தே வங்கியிலும் வைத்தியரிடமும் காரியம் முடித்துவிடுவார்.

வியாழக்கிழமைகளில் இருவரும் மெற்றோ ஏறித் தாவரவியல் தோட்டத்துக்குப் போவோம். நான் மேப்பிள் இலைகளைப் பார்க்க, அவர் குறை பிடிக்க. இலையுதிர்காலத்தில் பூசணிக்காய்களை அடுக்கி, கண் மூக்கு வரைந்து கண்காட்சி வைத்திருந்தார்கள். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே நின்ற பணிப்பெண்ணைக் காட்டினார்.

"கிளாக்கர், உவவிட்டைக் கேளும். இவ்வளவு பூசணிக்காயிலை ஒண்டுகூடவோ கறிக்கு வராது?"

மிகவும் அழகாக இருக்கிறது என்கிறார் என்று மொழிபெயர்த்தேன்.

முதற்பனி விழுந்த கிழமையில்தான் குருவி விவகாரம் தொடங்கியது. கறுப்புத் தொப்பி போட்ட சின்னக் குருவிகள் அங்கே மனிதருக்குப் பயப்படுவதில்லை. விதியை மீறிச் சூரியகாந்தி விதையோடு கை நீட்டியவர்கள் எல்லோர் கையிலும் வந்து உட்கார்ந்தன. ஒன்றும் நீட்டாத என் தொப்பியிலும் ஒன்று உட்கார்ந்தது. யாரோ ஒரு பெண்மணி கொடுத்த விதையை வாங்கிக் கோழியண்ணையும் நீட்டினார். குருவி கிட்ட வந்து, அவரைப் பார்த்து "டீ, டீ, டீ" என்று கத்திவிட்டுப் பறந்துபோயிற்று.

"பாத்தீரே, தேத்தண்ணி கேக்குது."

"தேத்தண்ணி எண்டு கேக்கேல்லை ஐசே. டீ எண்டு கேக்குது."

அவர் யோசித்தார். "அப்ப இது எங்கடை ஆளில்லை. மெட்ராஸ் குருவி."

அடுத்த வியாழன் மிக்சரோடு வந்தார். மெட்ராஸ்காரர் டீயோடு மிக்சர்தானே தின்பார்கள் என்பது அவர் தர்க்கம். குருவி வரவில்லை, அணில் வந்தது. ஒரு கடலையைக் கடித்துவிட்டுப் பத்து நிமிடம் பனியைத் தின்றது. பின்னாலேயே காவலாளி வந்தார். உணவு கொடுக்கக் கூடாது, மிஸ்யோ.

கோழியண்ணை நீட்டிய கையை மடக்கவில்லை. "கிளாக்கர், சொல்லும். நான் குடுக்கேல்லை, தின்னுறன். எனக்குக் கை கொஞ்சம் நீளம்." சொன்னதோடு விடாமல், கழுத்தைக் கொக்குப்போல நீட்டி உள்ளங்கையிலிருந்து கொத்தித் தின்றும் காட்டினார்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏன் ஐசே இந்தப் பிடிவாதம்? ஒரு குருவி வந்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார். "முப்பது வருஷம் கோழி வெட்டின கை. அதுகளுக்குத் தெரியுது போலை. பங்குச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொன்னனான். மனுசன் சிரிச்சுப்போட்டார். சிரிச்சா மன்னிச்ச மாதிரியே? ஒரு குருவி என்னை நம்பி வந்து இருந்திட்டுதெண்டா எனக்குக் காணும்."

அவகாசமும் அதிகம் இல்லை. மகள் லவாலில் இருந்த வீட்டை விற்றுவிட்டாள். பெப்ரவரி முடிய இவரையும் கூட்டிக்கொண்டு குடும்பத்தோடு ரொறன்ரோவுக்குப் போகிறார்கள்.

"அங்கையும் குருவி இருக்கும்" என்றேன்.

"இருக்கும். ஆனா என்னை மாட்டன் எண்டது இந்தக் குருவியெல்லே."

எனக்குத் தெரிந்த ஒரே வழியில் உதவினேன். தோட்ட அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். உள்ளங்கையில் விதையை வைத்திருப்பது விதியின்படி 'உணவளித்தல்' ஆகுமா? ஆகுமெனில், ஒரு முதியவருக்கு ஒரேயொரு தடவை விலக்கு அளிக்கலாமா? இரண்டு பிரதிகள் அனுப்பினேன். பதில் வரும்வரை விதையைத் தொடக் கூடாது என்று கோழியண்ணைக்கும் கட்டளையிட்டேன். ஆச்சரியம், கீழ்ப்படிந்தார். டிசம்பரும் ஜனவரியும் வெறுங்கையை நீட்டிக்கொண்டு பனிக்குள் நின்றார். விரல் விறைத்தால் கண்ணாடி வீட்டுக்குள் போய் வாழை மரங்களுக்கு நடுவே சூடேற்றிக்கொண்டு திரும்பி வருவார். குருவிகள் வந்து, பார்த்து, டீ கேட்டுவிட்டுப் போயின.

"பதில் வந்ததோ?"

"பரிசீலனையிலை இருக்கும்."

"ஆர், கடிதமோ நானோ?"

பெப்ரவரியின் கடைசி வியாழனும் வந்தது. அரை மணி நேரம் நின்றுவிட்டுக் கையை இறக்கினார். "சரி கிளாக்கர், போவம். அதுகளுக்கும் ஏதும் சட்டம் இருக்குமாக்கும்."

நான் கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி சூரியகாந்தி விதையை எடுத்து அவர் கையில் கொட்டினேன். காலையில் தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கியது. உப்பு இல்லாதது, விசாரித்துத்தான் வாங்கினேன்.

"பதில் வந்திட்டுதே?"

"கதைக்காமல் கையை நீட்டும்."

குருவி வந்தது. அவருடைய பெருவிரலைப் பற்றிக்கொண்டு ஒரு கணம் இருந்தது. ஒரு விதையைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போயிற்று. மெற்றோவில் மூன்று நிலையம் தாண்டியதும் கோழியண்ணை கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பார்த்தார். "பாரமே இல்லை, கிளாக்கர்."

பனி கரைந்த பிறகு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கோரிக்கையை ஏற்க இயலாது, தங்கள் அக்கறைக்கு நன்றி. அப்போது கோழியண்ணை ரொறன்ரோவில் இருந்தார். கடிதத்தைக் கோப்பில் வைத்து, 'பதில் கிடைத்த திகதி' என்ற கட்டத்தை நிரப்பினேன். அந்தக் கட்டத்தில் நான் ஒருபோதும் பொய் எழுதியதில்லை. இப்போதும் எழுதவில்லை: வியாழக்கிழமை, பெப்ரவரி 26.