குழாயில் சிக்கிய முடி

அன்பும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்து சித்திக்கு எழுதுவது,

இங்கே அனைவரும் நலம், என் தலை ஒன்றைத் தவிர. அங்கே சித்தப்பா, சின்னக்குட்டி, உங்கள் எல்லோருடைய தலைகளும் நலமென நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் நீங்கள் மூச்சு விடும் இடைவெளியில்தான் நான் பேச வேண்டும். நீங்கள் மூச்சு விடுவதில்லை.

நேற்று போனில் அம்மாவிடம் நீங்கள் சொன்னது சமையலறை வரை கேட்டது. "அக்கா, படிச்சுப் படிச்சு உன் பொண்ணு தலை சொட்டையாகுது. என் பொண்ணுக்கு அந்தக் கதி வேணாம். பள்ளிக்கூடத்தோட போதும், காலேஜுக்கெல்லாம் அனுப்பப் போறதில்ல." மயிரைக் கட்டி மலையை இழு, வந்தால் மலை, போனால் மயிர் என்பார்கள். நீங்கள் என் மயிரைக் காட்டி, சின்னக்குட்டி இழுக்க நினைத்த மலையையே நிறுத்திவிட்டீர்களே, சித்தி!

எல்லாம் குளியலறைக் குழாய் அடைத்த அன்று தொடங்கியது. ஊரார் வீட்டுக் குழாய்களை ஓடி ஓடிச் சரிசெய்யும் அப்பா, சொந்த வீட்டில் தண்ணீர் கணுக்காலைத் தொட்ட பிறகுதான் கம்பியை எடுத்தார். உள்ளே விட்டுச் சுழற்றி இழுத்ததில் அணில் வால் பருமனுக்கு ஒரு முடிக்கற்றை வந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்து, "நுனி பிளந்திருக்கு பாரு. இது படிச்ச முடி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மா உடனே படமெடுத்து உங்களுக்கு அனுப்பிவிட்டார். அப்பா எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அவர் உச்சந்தலையில் விளக்கைப் பார்க்கலாம். படிப்பால் முடி கொட்டுமென்றால் அவர் இந்நேரம் விஞ்ஞானியாகியிருக்க வேண்டும். இதை நான் மனதுக்குள் மிகவும் உரக்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து என் தலை எனக்குச் சொந்தமில்லை. இரு குடும்பத்திலும் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய தலையாம், காப்பாற்ற வேண்டுமாம். நீங்கள் காய்ச்சி அனுப்பிய கறுப்பு எண்ணெயைத் தினமும் காலையில் அம்மா ஊற்றுகிறார், அதன் மேல் மாடிவீட்டு அக்கா சொன்ன வெங்காயச் சாறு, ஞாயிற்றுக்கிழமை முட்டை, பிறகு கண் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கமாய் ஒரு பின்னல். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஜன்னலோரம் மாறிவிட்டார். மேலாளர் மூக்கைச் சுளித்து, "இங்க யாரும்மா சமைக்கிறது?" என்று கேட்டார், நானும் எல்லோரோடும் சேர்ந்து சுற்றிப் பார்த்தேன். தலையில் கையை வைத்துவிட்டுத் தொட்ட காகிதமெல்லாம் கண்ணாடியாகி, மறுபக்க எழுத்து இந்தப் பக்கம் தெரிகிறது. அரிப்பு தாங்காமல் பேனாவால் சொறிந்ததில் நெற்றியில் நீலக்கோடு; அதோடு ஒரு கூட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், யாரும் சொல்லவில்லை.

கடைசியில் இன்று தோல் டாக்டரிடம் போனோம். அம்மா அந்தக் கற்றையை உறையில் போட்டுச் சாட்சியாகக் கொண்டுவந்திருந்தார். டாக்டர் என் தலையை விளக்கடியில் பார்த்து, "தலையும் தோல்தாம்மா. அது மூச்சு முட்டுற மாதிரி இவ்வளவு பூசினா பொடுகு வராம என்ன வரும்? கொஞ்ச மாசத்துக்கு முன்னாடி காய்ச்சல் வந்துச்சா? ஆமாவா? அப்போ அதுல கொஞ்சம் கொட்டியிருக்கு. நெத்தியோரம் பாருங்க, சின்னச் சின்னதா முளைக்குது. தலையைச் சுத்தமா அலசுங்க, இழுத்துப் பின்னாதீங்க, நல்லா சாப்பிடுங்க, தூங்குங்க, போதும்" என்றார்.

"ஊசி?"

"வேண்டாம்."

"மருந்து?"

"பொடுகுக்கு ஒரு ஷாம்பு."

அம்மாவுக்கு முகமே செத்துவிட்டது. காசு வாங்கிக்கொண்டு தூங்கச் சொல்கிறவர் டாக்டரா? விடாமல் கற்றையை மேசையில் போட்டார். டாக்டர் ஒரு முடியை உருவிக் கண்ணாடி வழியே பார்த்தார். "வேர்ப்பக்கம் வெள்ளை, மத்ததெல்லாம் கறுப்பு. நீ சாயம் பூசுறியாம்மா?" என்று என்னைக் கேட்டார். நான் இல்லையென்று தலையாட்டினேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவில்லை.

ஆம் சித்தி. நீங்கள் படத்தில் பார்த்துக் கண்ணீர்விட்டது உங்கள் அக்காவின் முடி. அக்கா படித்தது ஆறாம் வகுப்பு வரைதான். டாக்டர் அவர் கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்து, "வெளுத்திருக்கு. எல்லாரும் சாப்பிட்டப்புறம் மிச்சத்தைச் சாப்பிடுறவங்களா?" என்று கேட்டு, ரத்தம் பரிசோதிக்க எழுதிக் கொடுத்தார். படித்ததால் உதிரவில்லை, சித்தி. சாப்பிடாததால் உதிர்ந்தது.

ஆகவே சின்னக்குட்டியின் விண்ணப்பத்தைத் தயவுசெய்து அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். அவள் கூந்தலுக்கு நான் பொறுப்பு.

சித்தப்பாவுக்கு வணக்கம். உங்கள் எல்லோர் தலையும் தழைக்கட்டும்.

என்றும் உங்கள் வார்த்தைக்கு அடங்கிய,
அக்கா மகள்

பின்குறிப்பு: அம்மா இப்போது என் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் படித்துவிட்டார். அவர் உத்தரவுப்படி எழுதுகிறேன்: அம்மா சாயம் பூசுவதே இல்லை. குழாயில் வந்தது முழுக்க என் முடி. டாக்டருக்குக் கண் சரியில்லை. உங்கள் எண்ணெய் பிரமாதம், இன்னும் இரண்டு பாட்டில் அனுப்பவும். இதையெல்லாம் நான் எழுதியதற்கு ஈடாக, ரத்தப் பரிசோதனைக்குப் போகவும், "காலேஜுக்கு அனுப்புடி" என்று உங்களிடம் சொல்லவும் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இப்போதே உங்களுக்கு அனுப்புகிறேன். போனை எடுங்கள் சித்தி, மணி அடிப்பது அவர்தான். அவரும் மூச்சு விடமாட்டார்.